மூன்றாவது காய்

ஹெப்சிபா டீச்சரைப் பற்றி எங்கள் தெருவில் முதலில் பரவிய செய்தி, அவர் ஒரு செடியைப் பூட்டி வைத்திருக்கிறார் என்பதுதான். பாளையங்கோட்டையில் நகையைப் பூட்டுவார்கள், பீரோவைப் பூட்டுவார்கள், மாமியாருக்கும் மருமகளுக்கும் ஆகாத வீட்டில் அரிசி டின்னைக்கூடப் பூட்டுவார்கள். செடியைப் பூட்டி நான் கண்டதில்லை. வீட்டுக்குப் பின்னால் கோழிக்கூண்டு மாதிரி கம்பிவலை அடித்து, மேலே தென்னங்கிடுகு வேய்ந்து, கதவில் ஒரு திண்டுக்கல் பூட்டு. உள்ளே பார்த்தால் ஏழெட்டு மண்தொட்டி. பூவும் இல்லை, காயும் இல்லை. இதற்கா இந்தக் காவல் என்று நானே வாய்விட்டுச் சிரித்திருக்கிறேன்.

நான் இன்பமணி. மார்க்கெட்டில் பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். எங்கள் சர்ச்சை நாங்கள் கோயில் என்றுதான் சொல்வோம். அங்கே அறுப்பின் பண்டிகை வந்தால் ஏலம் போடுகிறவன் நான்தான். தொண்டை ஆண்டவர் கொடுத்தது, வாய்த்துடுக்கு நானாகச் சம்பாதித்தது. பொறுமை மட்டும் எங்கிருந்தும் வரவில்லை. அதனாலோ என்னவோ, டீச்சரைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாகவும் இருக்கும், பார்க்காமல் இருக்கவும் முடியாது. கூண்டைப் பூட்டிவிட்டுப் பஸ் நிறுத்தம் வரை நடப்பார். பஸ் வருகிற நேரத்தில் திரும்பி ஓடிவந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். கோயிலில் எல்லோரும் கண்மூடி ஜெபிக்கும்போது அவர் கை மட்டும் கைப்பைக்குள் சாவியைத் தடவிக்கொண்டிருக்கும். நான் எப்படிப் பார்த்தேன் என்று கேட்காதீர்கள்.

டீச்சர் இங்கே ஒரு கல்லூரியில் தாவரவியல் நடத்தினார். நாற்பதை நெருங்குகிற வயதில் டாக்டர் பட்டத்துக்குப் பதிவு செய்தார். பாபநாசத்துக்கு மேலே காட்டுக்குள் வளரும் ஒரு செடியைப் பற்றிய ஆராய்ச்சி. அந்த மலையின் பழங்குடிகளான காணிக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக அதை மருந்துக்கு எடுக்கிறார்கள். எந்த நோய்க்கு என்று எனக்குத் தெரியும். செடியின் பெயரும் தெரியும். இரண்டையும் இங்கே சொல்வதாக இல்லை.

செடியை டீச்சருக்குக் காட்டியவர் பிச்சைக்கண்ணு என்ற காணிக்காரர். அவர் லேசில் காட்டிவிடவில்லை. டீச்சர் பல தடவை மலை ஏறி இறங்கிய பிறகுதான் மனது வந்தது. அப்போதும் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

"கீழ கொண்டு போங்க. ஒங்க கைய விட்டு வேற கைக்குப் போவக் கூடாது."

டீச்சர் வாக்குக் கொடுத்தார். வனத்துறை கொடுத்த அனுமதியிலும் அதையேதான் அவர்கள் பாஷையில் எழுதியிருந்தார்கள். மூன்றாம் ஆளுக்குக் கொடுக்கக் கூடாது, நாட்டைவிட்டு வெளியே போகக் கூடாது, காணாமல் போனால் உடனே தெரிவிக்க வேண்டும். கல்லூரித் தோட்டத்தில் வைத்த செடிகளை ஆடு மேய்ந்துவிட்டது. அதன் பிறகு முறைப்படி எழுதிக் கேட்டுத்தான் வீட்டில் அந்தக் கூண்டு வந்தது. ஆடு அனுமதி வாங்கித்தான் மேய்ந்ததா என்று நான் கேலி செய்தபோது டீச்சர் சிரிக்கவில்லை.

அவர் கணவர் கிருபைராஜ் மின்வாரியத்தில் வேலை பார்த்தார். டீச்சருக்கு நேர் எதிர். யாராவது ஒரு செடியை நின்று பார்த்தால் போதும், கிளையை ஒடித்துக் கையில் கொடுத்துவிடுவார். எங்கள் தெருவில் உள்ள குரோட்டன்ஸ் எல்லாம் அவர் வீட்டுப் பிள்ளைகள்தான். இந்த மலைச்செடிக்குப் போர்வெல் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்ததும், விடிந்தும் விடியாமலும் டிவிஎஸ் ஐம்பதில் இரண்டு கேனைக் கட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போய்விடுவார். தாமிரபரணித் தண்ணீரை ஊற்றிய பிறகுதான் அது இலைவிட்டது. மழையானாலும் காய்ச்சலானாலும் அவர் அதை நிறுத்தியதில்லை. அப்படி வருஷக்கணக்கில் ஊற்றியும் செடி பூக்கவே இல்லை. அந்த மனவருத்தத்தில் கிருபைராஜ் யாருக்கும் சொல்லாமல் ஒரு பொருத்தனை பண்ணினார். செடி காய்த்தால் முதற்பலன் கோயிலுக்கு.

எங்கள் ஜனங்களுக்கு இது ரத்தத்தில் ஊறிய பழக்கம். வீட்டு முருங்கை முதலில் காய்த்தாலும், கோழி முதலில் முட்டையிட்டாலும், பையன் முதல் சம்பளம் வாங்கினாலும் முதல் பங்கு ஆண்டவருக்கு. அறுப்பின் பண்டிகையன்று ஆராதனை முடிந்ததும் வந்த பொருளையெல்லாம் வாசலில் வைத்து ஏலம் விடுவோம். ஏலம் முடிந்தால் அசனம், ஊரே உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து. பொருத்தனை பண்ணிவிட்டு நிறைவேற்றாதவன் நிம்மதியாகத் தூங்கமாட்டான்.

தொண்ணூற்று ஐந்தாம் வருஷம் அந்தச் செடி பூத்தது. ஒரே ஒரு தொட்டியில் மூன்று காய். டீச்சர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். என்னைக் கூப்பிட்டதற்குக் காரணம், யாரிடமாவது சொல்லாவிட்டால் அவருக்கு நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது.

"அண்ணாச்சி, சிரிக்காதிய. மலைக்குக் கீழ இது காய்ச்சதே இல்ல. இத்தன நாளும் வேரோட புடுங்குனாத்தான் மருந்து. விதை மொளைச்சுதுன்னா எங்க வேணும்னாலும் பயிராக்கலாம். காய் யாரு கையில இருக்கோ, செடியே அவுக கையிலதான்."

"அப்ப நல்ல காலம்தான டீச்சர்?"

"பயமா இருக்கு," என்றார். கூண்டைப் பூட்டி, பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார்.

பயந்தபடியே அந்த மாதம் ஒரு வெளிநாட்டுக்காரர் வந்தார். பெயர் லூக்காஸ். ஏதோ ஒரு மருந்து ஆராய்ச்சி நிறுவனத்து விஞ்ஞானி. வந்தது சுற்றுலா விசாவில். பழைய மிஷனரிக் கல்லறைகளைப் பார்க்க வந்திருப்பதாகச் சொன்னதால் எங்கள் சபை விருந்தினர் அறையிலேயே தங்கினார். வேதாகமத்தில் லூக்கா வைத்தியர்தானே, இவரும் வைத்தியராகத்தான் இருப்பார் என்று எங்கள் பெண்கள் காலில் ஆணி முதல் மூட்டுவலி வரை அவரிடம் காட்டினார்கள். நல்ல மனுஷர். எல்லோருக்கும் கும்பிட்டு வணக்கம் சொன்னார். தரையில் உட்கார்ந்து கையால் சாப்பிட்டார். நானே என் கடையிலிருந்து ஒரு பித்தளைச் செம்பை அவருக்குப் பரிசாகக் கொடுத்தேன்.

கல்லறை பார்த்த மறுநாளே அவர் டீச்சரின் கல்லூரிக்குப் போய்விட்டார். சேர்ந்து ஆராய்ச்சி செய்யலாம், உங்களை எங்கள் ஊருக்கு அழைக்கிறேன், கட்டுரையில் உங்கள் பெயரும் வரும், இப்போதைக்கு ஒரு வேரும் கொஞ்சம் விதையும் போதும் என்றாராம். அரசாங்க அனுமதி இருக்கிறதா என்று டீச்சர் கேட்டார். அதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் சிரித்தார். டீச்சர் முடியாது என்று சொல்லிவிட்டார். துறைத்தலைவருக்கு மகா கோபம்.

"வெளிநாட்டுக்காரரு தேடி வந்து கூடச் சேந்து செய்யலாம்னு சொல்லுதாரு. நீங்க என்னன்னா அவர்ட்ட காயிதம் கேக்கிய!"

கடைக்கு வந்து டீச்சர் என்னிடம் புலம்பினார். "அவரு கேட்டது தப்பில்ல அண்ணாச்சி. கேக்கவேண்டிய எடத்துல கேக்கணும்லா? டெல்லிக்கு எழுதணும், காலேஜோட ஒப்பந்தம் போடணும், மலைக்காரவுகளையும் உக்கார வச்சுப் பேசணும். நான் எடுத்து நீட்டுததுக்கு இது எங்க அம்மை தந்த சீரா?"

எனக்கு அன்றைக்கு அது பெரிதாகப் படவில்லை. ஒரு செடிக்கு எவ்வளவு பேச்சு என்றுதான் தோன்றியது.

லூக்காஸ் ஒரு மாலை டீச்சர் இல்லாத நேரத்தில் அவர் வீட்டுக்குப் போனார். கிருபைராஜ் காபியும் முறுக்கும் கொடுத்து, தோட்டத்தைச் சுற்றிக் காட்டி, ஐந்தாறு குரோட்டன்ஸ் கிளையும் ஒடித்துக் கொடுத்தார். மனைவி காட்டிய கடுமைக்குத் தன்னால் ஆன பரிகாரம். பேச்சு அறுப்பின் பண்டிகைக்கு வந்தது. முதற்பலன் என்றால் என்ன என்று கிருபைராஜ் பெருமையாக விளக்கினார். லூக்காஸ் கூண்டைக் காட்டி, அப்படியானால் இதுவும் இந்த வருஷத்து முதற்பலன்தானே என்று கேட்டாராம். சும்மா கேட்டாரோ, கணக்குப் போட்டுக் கேட்டாரோ, ஆண்டவருக்குத்தான் வெளிச்சம். ஆனால் அந்தக் கேள்வி கிருபைராஜின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. பொருத்தனையை டீச்சரிடம் சொன்னால் விடமாட்டார். சொல்லாமல் செய்தால் அவருக்குத் துரோகம். செய்யாமல் விட்டால் ஆண்டவருக்கு. தண்ணீர் ஊற்றுவதற்காக டீச்சர் அவரிடம் கொடுத்திருந்த இரண்டாவது சாவி அவர் சட்டைப்பையிலேயே கிடந்தது.

பண்டிகையன்று டீச்சர் விடியற்காலையிலிருந்தே கோயிலுக்குப் பின்னால் அசனத்துக்குக் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். முன்னால் என் ஏலம் சூடு பிடித்திருந்தது. பூசணிக்காய் போனது, சேவல் போனது, கருப்பட்டிச் சிப்பம் போனது. எடுத்தவர்களே திரும்பக் காணிக்கையாகக் கொடுத்ததால், ஒரே வாழைக்குலையை மூன்று தடவை விற்றேன். அப்போது கிருபைராஜ் ஒரு சின்னத் தொட்டியை மேசையில் கொண்டுவந்து வைத்தார். அது காலையிலிருந்து மற்றக் காணிக்கைகளோடு பலிபீடத்துக்கு முன்னால் இருந்திருக்கிறது. நான் கவனிக்கவில்லை. மைக்கில் எடுத்துவிட்டேன்.

"டீச்சர் வீட்டுக் கூண்டுச் செடி! பாளையங்கோட்டை ஜெயில்லகூட இம்புட்டுக் காவல் கெடையாது. இன்னைக்குத்தான் விடுதலையாயி வந்திருக்கு. கேளுங்க!"

முன் நாற்காலியில் இருந்த லூக்காஸ் கையைத் தூக்கினார். அவர் கேட்ட தொகைக்கு என் கடையில் பெரிய குத்துவிளக்கே வாங்கலாம். கூட்டம் கைதட்டியது. விருந்தாளிக்கு எதிராக யார் கேட்பார்கள்? நான் ஒரு தரம் சொன்னேன். இரண்டாம் தரம் சொல்ல வாயைத் திறந்தபோது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் விலையை ஏற்றியது. ஹெப்சிபா டீச்சர். கத்தரிக்காய்க் கறை பிடித்த கை, தலையில் முக்காடு நழுவிக் கிடந்தது. மைக் சத்தம் கேட்டு ஓடி வந்திருக்கிறார்.

லூக்காஸ் சிரித்துக்கொண்டே இரண்டு மடங்கு கேட்டார். டீச்சர் அதற்கு மேல் போனார். அவர் அதற்கும் மேல்.

"டீச்சர், வீட்டுக்காரர்ட்ட கேட்டுக்கிட்டு கேளுங்க, அவரு மொகம் வெளிறிப் போச்சு!" என்று நான் வேறு எடுத்துக் கொடுத்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகுதான் நான் டீச்சரின் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். தொகை அவருடைய ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டியிருந்தது. லூக்காஸின் கை களைக்காமல் தூக்கியபடியே இருந்தது.

எங்கள் ஊரில் பாதிரியாரை ஐயர் என்போம். ஹெப்ரான் ஐயர் என் காதருகே குனிந்தார். "முடிச்சிரும் வே. விருந்தாளிய அவமானப்படுத்துத மாதிரி ஆயிரும்."

நான் முடிப்பதற்குள் டீச்சர் மேசைக்கு வந்து தொட்டியின்மேல் கையை வைத்துவிட்டார்.

"இது ஏலத்துக்கு இல்ல."

"படைச்சாச்சேம்மா," என்றார் ஐயர். "ஆண்டவருக்குப் படைச்சத திருப்பி எடுக்கப்பிடாதுல்லா?"

"ஐயா, அடுத்த வீட்டு ஆட்ட நான் ஓட்டிக்கிட்டு வந்து இங்கன கட்டினா, அண்ணாச்சி ஏலம் விடுவாவளா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். விடமாட்டேன் என்று நான் தலையை ஆட்டினேன்.

"இது எங்க வீட்டுலதான் காய்ச்சுது. ஆனா எங்களுது இல்ல. மலைக்காரவுகளுது. பத்திரமா வச்சிருக்கேன்னு சொல்லி வாங்கியாந்தேன். வேற கைக்குப் போவாதுன்னு அவுகளுக்கும் சொல்லியிருக்கேன், கவர்மெண்டுக்கும் கையெழுத்துப் போட்டிருக்கேன். ஆண்டவருக்குக் குடுக்கக்கூட எனக்குப் பாத்தியதை இல்ல ஐயா."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்திருக்க வேண்டும், நானூறு பேருக்கு முன்னால் கணவரைத் திருடன் என்று சொன்ன மாதிரி ஆகிவிட்டது. கிருபைராஜ் தலையைக் குனிந்து நின்றார். பிறகு தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி, தொட்டி இருந்த இடத்தில் வைத்தார். அது அவர் அப்பா கட்டியிருந்த கடிகாரம்.

"இது என்னுது," என்றார். "ஏலம் போடுங்க அண்ணாச்சி."

நான் கடிகாரத்தைக் கையில் எடுத்தேன். அன்றைக்கு முதல்தடவையாக என் வாயிலிருந்து ஒரு கேலியும் வரவில்லை. லூக்காஸ் எழுந்து வந்து, பரவாயில்லை, நான் கேட்ட தொகையைச் சபைக்கே தந்துவிடுகிறேன், ஞாபகத்துக்கு ஒரே ஒரு காய் மட்டும் போதும் என்றார். அவ்வளவு பணம் எங்கள் மண்டபக் கூரைக்கு எத்தனை உதவும் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். டீச்சர் முடியாது என்றார். சொல்லிக்கொண்டே தொட்டியைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

செடியில் இரண்டு காய்தான் இருந்தது.

மேசைக்கு அடியில் தேடினோம். பலிபீடத்துப் படியில் தேடினோம். பெண்கள் பூசணித் துண்டு, வைக்கோல் எல்லாவற்றையும் உதறினார்கள். காலையிலிருந்து அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் எத்தனையோ பேர் போய்வந்தார்கள். லூக்காஸ் ஒவ்வொரு காணிக்கையையும் குனிந்து படம் எடுத்ததை நானே பார்த்தேன். சின்னப்பிள்ளைகளும் ஓடி விளையாடினார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"அவரு பையச் சோதிச்சிருவோம் டீச்சர்."

"அவரு எடுத்தத நீங்க பாத்தியளா?"

"இல்ல."

"நானும் பாக்கல. பாக்காதத எப்பிடிச் சொல்ல?"

அன்று யாருக்கும் அசனச் சாப்பாடு இறங்கவில்லை. மதியம் டீச்சர் என் கடை போனிலிருந்து வனத்துறை அதிகாரி வீட்டுக்குப் பேசினார். நாளைக்கு எழுத்தில் கொடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். சாயங்கால ரயிலில் லூக்காஸ் புறப்பட்டுப் போனார், என் பித்தளைச் செம்போடு. ரயில் போகிற நேரத்தில் டீச்சர் என் கடைக்குள் அங்குமிங்கும் நடந்தார். உட்காரச் சொன்னால் உட்கார்ந்து உடனே எழுந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"டீச்சர், செடி கையில வந்துட்டு. ரெண்டு காய்தான் காய்ச்சுதுன்னு எழுதிருங்க. யாரு வந்து எண்ணப் போறா? மூணுன்னு சொன்னியன்னா ஒங்க படிப்புல்லா போயிரும்."

"மூணு காய்ச்சுதுன்னு எனக்குத் தெரியும்லா அண்ணாச்சி," என்றார்.

மறுநாள் அலுவலகம் திறக்கும் முன்பே போய் நின்று, மூன்று என்றே எழுதிக் கொடுத்தார். வந்தவர் யார், எந்த விசாவில் வந்தார், என்ன கேட்டார் என்பதையும் எழுதினார். விசாரணை வந்தது. அனுமதியை நிறுத்தி வைத்தார்கள். ஜீப்பில் தொட்டிகளை ஏற்றி மலைக்குத் திருப்பிக்கொண்டு போனார்கள். டாக்டர் பட்டம் அப்படியே நின்றது. அனுமதி இல்லாததால் டீச்சர் மலைக்கும் போக முடியவில்லை. படிப்பு நின்றதைவிட, பிச்சைக்கண்ணு முகத்தைப் பார்த்து நடந்ததைச் சொல்ல வழியில்லாமல் போனதுதான் அவரை அரித்தது.

ஒரு நாள் காலையில் கிருபைராஜ் பழக்கதோஷத்தில் ஆற்றுக்குப் போய் இரண்டு கேன் நிறையத் தண்ணீர் எடுத்துவந்துவிட்டார். காலிக் கூண்டைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். டீச்சர் அவரை ஒரு வார்த்தை திட்டியதில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று கிருபைராஜ் என்னிடம் அழுதார். நம் மஞ்சளுக்கே வெளிநாட்டில் யாரோ காப்புரிமை வாங்கிவிட்டதாகவும், நம்மவர்கள் வாதாடி மீட்டதாகவும் பேப்பரில் வந்தபோது, டீச்சர் அந்தப் பக்கத்தை எத்தனை தடவை படித்தார் என்று தெரியாது. அதன் பிறகு எந்த நூலகத்துக்குப் போனாலும் வெளிநாட்டுப் பத்திரிகைகளைப் புரட்டி அந்தச் செடியின் பெயர் வந்திருக்கிறதா என்று தேடுவார். வீட்டுக்குத் திரும்பினால் கிருபைராஜ் வாசலிலேயே கேட்பார்.

"வந்திருக்கா?"

"இல்ல."

அதற்குப் பிறகுதான் காபி.

தொண்ணூற்று ஏழில் அனுமதி திரும்பக் கிடைத்தது. நடந்ததைத் தானாக வந்து சொன்னவர் என்று அதிலேயே எழுதியிருந்தார்களாம். புதிய செடிகள் வந்த அன்று கிருபைராஜ் தன் சாவியைக் கொண்டுபோய் மனைவி கையில் வைத்தார். டீச்சர் அதை வாங்கி, அவர் சட்டைப்பையிலேயே திரும்பப் போட்டார். எனக்கு இதைச் சொன்னபோது கிருபைராஜ் அந்தச் சாவியை எடுத்துக் காட்டினார்.

மறுவருஷம் செடி காய்த்தது. முதற்பலன் எங்கே போக வேண்டும் என்று இந்தத் தடவை இருவரும் சேர்ந்து முடிவு செய்தார்கள். வனத்துறையிடம் அனுமதி பெற்று, ஒரு காவலரோடு, முதல் காயை எடுத்துக்கொண்டு மலைக்குப் புறப்பட்டார்கள். நானும் ஒட்டிக்கொண்டேன். பிச்சைக்கண்ணு வீட்டு முற்றத்தில் போய் நின்றதும் டீச்சர் வாயைத் திறந்தார். கிருபைராஜ் முந்திக்கொண்டார்.

"ஐயா, நாந்தான். இவ மேல தப்பில்ல. நாந்தான் வெளிய எடுத்துட்டுப் போனேன். அதுல ஒரு காய் காணாமப் போயிட்டு."

எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். பிச்சைக்கண்ணு நாங்கள் கொண்டுபோன காயைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்தார். பிறகு டீச்சரிடம் திரும்பினார்.

"அந்தக் காய் கடல் தாண்டிப் போச்சா, போவலியா?"

"தெரியல," என்றார் டீச்சர். அழுதுவிட்டார்.

"தெரிஞ்சா வந்து சொல்லுங்க," என்றார் பிச்சைக்கண்ணு. உள்ளே போகத் திரும்பியவர் நின்று, "தெரியலேன்னாலும் வந்து சொல்லுங்க," என்றார். காயை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மன்னித்தாரா இல்லையா என்று இறங்கும்போது நான் கேட்டேன். பஸ்ஸில் டீச்சர் கைப்பைக்குள் சாவியைத் தடவியபடியே வந்தார்.

இப்போது அவர் டாக்டர் ஹெப்சிபா. ஆனாலும் பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பதை விடவில்லை. ஒவ்வொரு வருஷமும் அறுப்பின் பண்டிகை முடிந்த வாரம் கணவனும் மனைவியும் பாபநாசம் பஸ் ஏறுகிறார்கள். இந்த வருஷமும் மலையேறிப் போய், தெரியல என்று சொல்லிவிட்டு வந்தார்கள்.